எதிரே வந்த வெளிச்சம்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. எந்தச் சத்தம் முதலில் வந்தது, யார் எப்போது பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் திருப்பித் திருப்பி நினைத்ததில் விளிம்பு தேய்ந்துவிட்டது. என் மனைவியின் தம்பியைக் கேட்டால், "சத்தமெல்லாம் ஒண்ணும் கேக்கலை மாமா. நீங்க புக்கு படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்டீங்க" என்பான். ஆனால் அன்றைக்கு அந்த அடித்தளத்திலிருந்து முதலில் வெளியே ஓடியவன் அவன்தான். செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினான்.

பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவது எங்கள் தொழில். தகர வேலையும் பெயின்ட்டும் என்னுடையது. வயரிங் அவனுடையது. கரன்ட் அடித்து அடித்து உடம்பு பழகிப்போனவன் என்பதால் பட்டறைத் தெருவில் எல்லோரும் அவனை ஷாக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்தக் காரைப் பார்க்க நாங்கள் போனது ஒரு சாதாரண முற்பகலில். தொழிலை விட்டு ஓய்ந்த ஒரு வக்கீலின் வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை. கதவைத் தள்ளியதும் எலிப் புழுக்கையும் வெந்துபோன ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மேலே கிடந்த தார்ப்பாயை நாங்கள் இருவரும் இழுத்தோம். இழுக்க இழுக்கக் கார் வந்துகொண்டே இருந்தது. கறுப்பு. அமெரிக்காவில் செய்த பெரிய செடான். பணம் இருந்தால் எப்படியெல்லாம் போகலாம் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட வண்டி. முன்சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம்.

"டிக்கியப் பாருங்க மாமா," என்றான் ஷாக். "நீங்களும் அக்காவும் சண்டை போட்டா நான் இதுல வாடகைக்கு வந்துடுவேன்."

வக்கீல் சிரிக்கவில்லை. நெட்டையான மனிதர். வயதானாலும் முதுகு வளையவில்லை. எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவன் பேசாதது போலவே பேசுவார்.

"எல்லாம் ஓடணும்," என்றார். "கடிகாரம், ரேடியோ, கண்ணாடி ஏத்தி இறக்கற மோட்டார், எல்லாம். வாங்க வர்றவன் ஒரு பட்டனை அமுக்கிட்டு மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. நான் பையன் வீட்டோட போகப் போறேன். இது போகாம நான் இங்கேருந்து கிளம்ப முடியாது."

ஏன் முடியாது என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டு ஜன்னலில் ஒரு வயதான பெண்மணி நின்றிருந்தார். அவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியோடே இருந்துவிட்டவர். நாங்கள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்வரை அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. காரை அவர் பார்க்கவில்லை. காருக்கு முன்னால் இருந்த காலி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கறுப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஷாக் ரேடியோவைப் பேச வைத்தான். கடிகாரத்தை ஓட வைத்தான். கடைசியில் மிஞ்சியது அந்தக் கண்.

டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, உள்ளங்கை அளவில் வெள்ளி நிறக் குமிழ் ஒன்று இருந்தது. முன்பக்கம் ஒரு லென்ஸ். இருட்டில் எதிரே ஏதாவது விளக்கு வந்தால் அந்த லென்ஸ் பார்த்துவிடும். பார்த்ததும் ஹெட்லைட்டைத் தானே டிம் ஆக்கும். எதிரே வந்தது கடந்து போனதும் மறுபடி பிரைட் ஆக்கும். அந்தக் காலத்தில் அது பெரிய ஆடம்பரம். எதிரில் வருகிறவனுக்கு மரியாதை கொடுக்கக்கூட ஒரு மெஷின். பிரைட் எரிகிறதா என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அது அணைந்தால் கண் எதையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

ஷாக் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு கூப்பிட்டான். "மாமா, இங்க பாருங்க. இந்தக் கண்ணோட வயரு தானா அறுந்தது இல்ல. யாரோ வெட்டியிருக்காங்க."

கத்தரியால் வெட்டியது போலச் சுத்தமாக இருந்தது. வெட்டிய இரண்டு நுனிகளிலும் துணி சுற்றித் தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. எந்த மெக்கானிக்கும் அப்படிக் கட்டமாட்டான்.

"யாரா இருந்தா என்ன? சேத்துடு," என்றேன்.

எங்கள் தொழிலின் புத்தி அது. வேலை செய்யாத ஒன்றைப் பார்த்தால் கை அரிக்கும். காரணத்தோடுதான் வெட்டினார்களா என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

பட்டறைக்கு எதிரில் ஒரு பழைய கிடங்கு. அதன் அடித்தளத்தில்தான் முடிந்த வண்டிகளை நிறுத்துவோம். சரிவில் இறங்கி இரும்பு ஷட்டரை இழுத்துவிட்டால் நண்பகலிலும் கை தெரியாது. அங்கே வைத்துக் கண்ணைச் சோதித்தோம். நான் ஸ்டியரிங்கில். ஷாக் எதிர்ச் சுவரருகில் டார்ச்சோடு நின்றான். கண்ணை இயக்கும் வால்வு, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய் மாதிரி, சூடாகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் டார்ச்சைக் காட்டினான். டிம். அணைத்தான். பிரைட். மறுபடி காட்டினான். டிம். கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போடுகிறவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு ஆடினான்.

"போதும்டா, வா," என்றேன்.

அவன் டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவரும் எதிர்ச் சுவரில் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

சுவரில் வெளிச்சம் தாழ்ந்தது. எதிரே யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பிரைட் ஆயிற்று.

"வால்வு பழசு," என்றான் ஷாக். புது வால்வு வாங்கிப் போட்டான். மறுநாள் மறுபடி அணைந்தது. வயரை மாற்றினான். அணைந்தது. ஒவ்வொரு தடவையும் தாழ்ந்திருக்கும் நேரம் கொஞ்சம் கூடியது. தூரத்தில் வந்த ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து திரும்பிப் போவது போல. கடைசியில் அவனே ஒரு கறுப்புத் துணியை நாலாக மடித்து லென்ஸின் மேல் கட்டினான்.

அன்று முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவைகூட அணையவில்லை.

துணியை எடுத்தான். அவன் கை திரும்புவதற்குள் அணைந்தது.

ஷாக் அந்தத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கோளாறுன்னா, மூடினாலும் வரணும் மாமா."

"ம்."

"மூடினா வரலை."

"ம்."

"அப்போ இது சரியாத்தான் வேலை செய்யுது."

வக்கீலைக் கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அக்காதான் கதவைத் திறந்தார். அந்தக் கண்ணின் வயரை யார் வெட்டியது என்று தெரியுமா என்றேன். அவர் என் கையில் ஒட்டியிருந்த பெயின்ட்டைப் பார்த்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சேத்துட்டீங்களா?" என்றார்.

"சேத்துட்டோம்மா."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான்தான் வெட்டினேன். அப்போ இது எங்கப்பா வண்டி. மழை. என் தம்பி ஓட்டறான், நான் பக்கத்துல. திடீர்னு லைட்டு தானா டிம் ஆச்சு. எதிர்ல யாரோ வர்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவனுக்கும் தெரிஞ்சுது. சைக்கிள்ல ஒரு பொண்ணு. டெலிபோன் ஆபீஸ்ல ராத்திரி டூட்டிக்குப் போறவ. அவ லைட்டைப் பாத்துத்தான் அந்தக் கண்ணு டிம் பண்ணிச்சு. இவனுக்குப் பொறுக்கலை. ஒரு சைக்கிளுக்கு நான் எதுக்குக் குறைக்கணும்னு சொல்லி, கீழ இருக்கற சுவிட்சை மிதிச்சு பிரைட் பண்ணினான். அவ கையைத் தூக்கிக் கண்ணை மறைச்சா. அவ்வளவுதான்."

அவர் நாற்காலியின் கையை விடவில்லை.

"உயிர் இருந்துச்சு. கண்ணு முழிச்சிருந்தா. இவன் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தான். போர்வை எடுக்கறான்னு நினைச்சேன். ஸ்பேனரை எடுத்தான்."

"எதுக்கும்மா?"

"டைனமோ லைட்டு. சக்கரம் நின்னா அணைஞ்சுடும். அவ லைட்டோட வந்தாங்கறதுக்கு லைட்டும் டைனமோவும் மட்டும்தான் சாட்சி. ரெண்டையும் கழட்டினான். போல்ட்டு துருப்பிடிச்சிருந்துச்சு. லேசுல வரலை. கிரீச், கிரீச்சுன்னு. அவ கிடந்தபடியே அவன் கையைப் பாத்துக்கிட்டிருந்தா. அவன் ரெண்டையும் வாய்க்கால்ல எறிஞ்சுட்டுத் திரும்பினப்போ, அவ பாக்கறது நின்னுபோயிருந்துச்சு. அவ லைட் இல்லாம வந்தாள்னு கோர்ட்டுல சொன்னான். அவ மேலதான் தப்புன்னு முடிச்சாங்க. அவ அம்மா வாசல்ல நின்னு, எம்பொண்ணு லைட் இல்லாமப் போகமாட்டா, போகமாட்டான்னு போற வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா."

"நீங்க?"

"நான் வண்டியிலயே உக்காந்திருந்தேன்," என்றார். "அதுக்கப்புறம் எந்த ரோட்டுல போனாலும் அது டிம் ஆகும். காலி ரோட்டுல. அதான் வெட்டினேன். வெட்டிடுங்க தம்பி. மறுபடியும் வெட்டிடுங்க."

அன்று சாயங்காலமே வக்கீலிடம் போனில் பேசினேன். கேட்டது முழுவதையும் சொல்லவில்லை. அந்தக் கண் சரியாக வேலை செய்யவில்லை, கழற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

"எங்க அக்காவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அவளுக்கு வயசாயிடுச்சு. அந்தப் பொண்ணு சைக்கிள்ல லைட்டு இல்ல. கோர்ட்டே சொல்லியிருக்கு." நான் எதையும் கேட்டிருக்கவில்லை. "வாங்கறவரு அந்தக் கண்ணுக்காகத்தான் வர்றாரு. எதையும் வெட்டாதீங்க. நானே வந்து ஓட்டிக் காட்டறேன்."

வாங்க வந்தவர் ஒரு ஹோட்டல்காரர். குண்டான, கலகலப்பான ஆள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் பழைய கார்களைச் சேர்க்கிறவர். மதியம் அடித்தளத்துக்கு வந்ததும் காரைச் சுற்றி மூச்சு வாங்க நடந்தார்.

"ஓடிப்போன மாப்பிள்ளைகூட இதைப் பாத்தா திரும்பி வந்து உக்காந்துடுவான்," என்றார். "ஆமா, அந்தக் கண்ணு நிஜமாவே வேலை செய்யுதா?"

"நீங்களே பாருங்க," என்றார் வக்கீல்.

ஸ்டியரிங்கில் வக்கீல். பக்கத்தில் ஹோட்டல்காரர். நான் பின்சீட்டில். ஷாக் ஷட்டரை இழுத்துவிட்டு, அதன் அருகிலேயே நின்றுகொண்டான். டார்ச் காட்ட முன்னால் வா என்று வக்கீல் கூப்பிட்டார். அவன் வரவில்லை.

என்ஜின் ஓடவில்லை. விளக்கு மட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர்ச் சுவரின் விரிசல்கள்கூடத் தெரிந்தன. புதுத் தோலின் வாடை, பாலிஷ் வாடை. அதற்கடியில் எங்கிருந்தோ ஈர மண்ணின் வாடை வந்தது. அது எங்கள் பட்டறையில் இல்லாத வாடை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

"ஆகா," என்றார் ஹோட்டல்காரர். "எதைப் பாத்து டிம் ஆச்சு?"

வக்கீல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் ஒரு ஈ சுற்றுகிறது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. டயரில் உரசி ஓடும் டைனமோ. சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள்ளிருந்து, யாரோ சைக்கிளை மிதித்து வந்துகொண்டிருந்தார்கள்.

வக்கீல் காலால் தரையில் துழாவினார். சுவிட்ச் டக்கென்றது. பிரைட் வரவில்லை. மறுபடி மிதித்தார். மறுபடி. வரவில்லை.

சத்தம் உயர்ந்தது. வேகமாக மிதிக்கிறார்கள்.

எனக்கு எந்த வெளிச்சமும் தெரியவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். ஆனால் நிழல் தெரிந்தது. ஸ்டியரிங்கின் நிழல் வக்கீலின் வெள்ளைச் சட்டை மேல் விழுந்திருந்தது. அது கோடு கோடாகத் தெளிந்து, பெரிதாகி, அவர் கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பக்கத்தில் வந்தால் நிழல் அப்படித்தான் வளரும்.

அவர் முழங்கையை மடித்துக் கண்களை மறைத்துக்கொண்டார்.

"குறைக்கச் சொல்லுங்க," என்றார். "அந்த லைட்டைக் குறைக்கச் சொல்லுங்க."

"எந்த லைட்டு சார்?" ஹோட்டல்காரரின் குரலில் கலகலப்பு போய்விட்டிருந்தது. அவர் கதவுக் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சத்தம் பானெட்டுக்கு நேர் எதிரில் வந்துவிட்டது. காருக்குள் இருந்த கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"இருந்துச்சு," என்றார் வக்கீல். அது அவருடைய கோர்ட்டுக் குரல் இல்லை. பல் கிட்டிப்போன குரல். "லைட்டு இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். ஒத்துக்கறேன். போதும். ஒத்துக்கறேன்."

டைனமோ நின்றது.

நிழல் போய்விட்டது. இருட்டில் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. முடிந்தது என்று நான் நினைத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கேட்க வந்திருக்கவில்லை.

காரின் முன்பக்கத்திலிருந்து, பம்பருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து யாரோ வேலை செய்வது போல, ஒரு சத்தம்.

கிரீச்.

இரும்பின் மேல் ஸ்பேனர். துருப்பிடித்த போல்ட். அந்தக் காரில் துருப்பிடித்த ஒரு போல்ட்கூட நான் விட்டுவைத்ததில்லை.

கிரீச்.

அவசரமே இல்லாத கை. அரைச் சுற்று. நிறுத்தம். அரைச் சுற்று.

பிறகு ஏதோ ஒன்று கழன்று தரையில் விழுந்து உருண்டது.

"வலது கண்ணு தெரியலை," என்றார் வக்கீல். யாரிடமோ தகவல் சொல்வது போலச் சொன்னார்.

ஷட்டர் பாதி தூக்கப்படும் சத்தம் கேட்டது. ஷாக் ஓடிவிட்டான். அடியில் வந்த பகல் வெளிச்சத்தில் ஹோட்டல்காரர் கதவைத் திறந்து விழுந்து எழுந்து போவது தெரிந்தது. காருக்கு முன்னால் யாரும் இல்லை. ஹெட்லைட்டுகள் இரண்டும் அமைதியாக எரிந்துகொண்டிருந்தன.

கிரீச்.

"வேணாம்மா," என்றார் வக்கீல். "வேணாம்மா."

அந்தப் பெண்ணை அவர் மரியாதையாகக் கூப்பிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. கை நிற்கவில்லை. முதல் போல்ட்டை விட இது மெதுவாக வந்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தேன். எழுந்து போய் அவரை இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கலாம். இரண்டாவதும் கழன்று விழுந்தது.

அவர் முழங்கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். என் பக்கம் திரும்பினார். கண்கள் இரண்டும் திறந்துதான் இருந்தன.

"யாரு இருக்கீங்க இங்க?" என்றார்.

பிறகு தரை முழுக்கத் தேடினோம். எந்தப் போல்ட்டும் விழுந்திருக்கவில்லை. காரில் எதுவும் குறையவும் இல்லை.

வக்கீல் உயிரோடுதான் இருக்கிறார். கண் டாக்டர்கள் பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஏன் தெரியவில்லை என்று தெரியவில்லை என்றார்கள். மகன் வீட்டுக்குப் போகவில்லை. அதே வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை, தூரத்தில் ஒரே ஒரு விளக்கைத் தவிர. அது நிற்பதில்லையாம். வந்துகொண்டே இருக்கிறதாம். மடித்த முழங்கையை அவர் முகத்திலிருந்து இறக்குவதே இல்லை. தூங்கும்போதும் அப்படித்தான். இப்போது இறக்க நினைத்தாலும் மூட்டு நிமிர மறுக்கிறது.

ஹோட்டல்காரர் பழைய கார்கள் வாங்குவதை விட்டுவிட்டார். ஷாக் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறான், பகலில் மட்டும். வக்கீலின் மகன் அந்தக் காரை வெகுதூரத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். விளம்பரத்தில் எல்லாம் ஓடும் நிலையில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. நான் பட்டறையைத் தனியாக நடத்துகிறேன். அடித்தளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வக்கீலின் அக்காவைப் போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அங்க எத்தனை போல்ட்டு கேட்டுச்சு?" என்றார்.

"ரெண்டும்மா."

தலையை ஆட்டினார்.

"மூணாவது இங்க கேட்டுச்சு," என்றார். "சமையல்கட்டுல நின்னுக்கிட்டிருந்தேன்."

அவருக்கு இப்போது இடது கண் தெரிவதில்லை. வலது கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை.